மலரக்கா பஸ்ஸில் ஏற்றிய பை

மலரக்கா இல்லை என்ற செய்தி வந்தபோது நான் மட்டக்களப்பில், மகள் வீட்டுக் குசினியில் நின்றேன். முதல்நாள்தான், புதிதாய்ப் பிறந்த என் பேரனுக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்திருந்தது. மிஞ்சிய வடையையும் மோதகத்தையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கவென்று பிரித்துக்கொண்டிருந்தேன். மலரக்காவின் மகன் குகன் போன் எடுத்தான்.

"மாமி, நிக்கிறியளோ, இருக்கிறியளோ?"

"நிக்கிறன். ஏனப்பு?"

"ஒருக்கா இருங்கோ."

நான் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டேன். மலரக்கா கண்ணை மூடி மூன்று நாள். நான் இங்கே பேரனுக்குப் பஞ்சாயுதம் கோக்கக் கறுப்பு நூல் தேடிக்கொண்டிருந்த அன்று, அங்கே அவரை எடுத்துவிட்டார்கள்.

"என்னட்டை ஏனடா சொல்லேல்லை?"

"அம்மாதான் மாமி சொல்ல வேண்டாம் எண்டவா. 'தவத்துக்குச் சொன்னால் அவள் அரைவழியில இறங்கி ஓடியந்திடுவாள். விசேஷத்தை முடிச்சுப்போட்டு ஆறுதலா வரட்டும்' எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவா."

"அவா என்னோட கதைச்சவா. சந்தையில நிக்கிறன் எண்டவா."

"அது ஆஸ்பத்திரி வாட்டில இருந்து கதைச்சது மாமி."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போனுக்குள் ஒரே ஆட்கள் சத்தம். நெடுங்கேணிச் சந்தையில் நிற்கிறேன், நல்ல பூசணிக்காய் வந்திருக்கிறது, உனக்கும் ஒரு பாதி எடுத்து வைக்கவா என்று கேட்டார். நான் வர நாள் செல்லும், பழுதாகிவிடும், வேண்டாம் என்றேன். இல்லாத பூசணிக்காயை நான் வேண்டாம் என்று சொன்னதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் கடைசிக் கதை.

அந்தியேட்டிக் கிரியை அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்தில் தேவாரங்களுக்குப் பிறகு நானும் ஏதாவது எழுத வேண்டும் என்று குகன் கேட்டான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சங்கத்துக் கூட்டக் குறிப்பைத் தவிர நீளமாக எதுவும் எழுதியதில்லை. ஆனால் எனக்கு அவரோடு ஒரு கோபம் இருக்கிறது. வீட்டை விட்டு எங்கேயும் போக மாட்டேன் என்று வருஷக்கணக்காகக் கிடந்தவளை, போ, ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பியவர் அவர். நான் போன இடத்தில் நிற்கும்போதே அவர் போய்விட்டார். முகம்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதத் தொடங்கினேன். அவரைத் தெரிந்தவர்கள் வாசிக்கப் போகிறீர்கள். ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன்.

குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் குடாநாட்டிலிருந்து ஒரே லொறியில் வந்தவர்கள் எங்கள் இரண்டு பேருடைய தகப்பன்மாரும். பக்கத்துப் பக்கத்துக் காணி. நடுவில் வேலி. வேலியில் ஒரு ஆள் குனிந்து போகக்கூடிய பொட்டு. மலரக்கா என்னைவிட நாலு வயது மூத்தவர். வாசல் படலையால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. எப்போதும் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் முதலில் அவருடைய குரல் வரும், பிறகு தலை வரும்.

எனக்குக் கலியாணம் நிச்சயமான வருஷம். சண்டைத் தடையால் மண்ணெண்ணெய் இல்லை, சீனி இல்லை, சைக்கிளுக்கு ரியூப் இல்லாத காலம். நாள் குறித்துவிட்டால் பெண் வெளியே போகக்கூடாது என்பது எங்கள் அம்மாவின் சட்டம். ஒரு காலை மலரக்கா பொட்டுக்குள்ளால் வந்து அம்மாவிடம், "மாமி, முல்லைத்தீவில எங்கட பெரியம்மாவுக்கு நேரில போய்ச் சொல்லோணும். தவமும் வந்தால்தான் மரியாதை" என்றார். அப்படி ஒரு பெரியம்மா அவருக்கு இல்லை. ரயருக்குள் வைக்கோலை அடைத்துக் கட்டிய சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு, பாதி தூரம் உழக்கியும் பாதி தூரம் உருட்டியும் முல்லைத்தீவுக்குக் கொண்டுபோனார். அங்கே போனபிறகுதான் சொன்னார். "எடி, நீ இன்னும் கடல் காணேல்லை. கலியாணம் கட்டினால் உன்னை ஆர் கூட்டிக்கொண்டு வரப்போகினம்? பார், வடிவாப் பார்."

நான் பார்த்தேன். பார்த்ததோடு நில்லாமல் இரண்டு பேரும் பாவாடை நனைய இறங்கினோம். திரும்பி வர அம்மா படலையில் நின்றார்.

"என்ன, நனைஞ்சு கிடக்கு?"

"மழை மாமி" என்றார் மலரக்கா.

"பங்குனி வெயிலுக்கை எந்த ஊரில மழை?"

"முல்லைத்தீவில. சரியான மழை."

அம்மா என் பாவாடைக் கரையைப் பிடித்துப் பார்த்தார். காய்ந்த இடத்தில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. "மழை உப்போட பெய்ததோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் முதுகு குலுங்கியதைப் பார்த்தபிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

அந்தக் கலியாணத்தின் பலகாரச் சூட்டுக்கும் மலரக்காதான் தாச்சிக்குப் பக்கத்தில் இருந்தார். நல்ல நாள் பார்த்து முதல் பலகாரம் எண்ணெய்க்குள் விழும்போது எல்லாப் பெண்களும் எட்டிப் பார்ப்பார்கள். அது வடிவாக மிதந்தால் கலியாணம் வடிவாக நடக்கும் என்பார்கள். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போட்டுக் குழைத்த அரியதரம், போட்டதும் அடியில் போய்க் கிடந்தது. மாப்பிள்ளையின் தமக்கை என் அம்மாவைப் பார்த்தார். மலரக்கா கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி அதை மேலே கொண்டுவந்து, "பாருங்கோ, குளிச்சுப்போட்டு வருது" என்றார். சிரிப்பில் அந்தச் சகுனமே மறந்துபோயிற்று.

என் கலியாணத்துக்குப் படம் இல்லை. கமெரா வைத்திருந்தவரிடம் பிலிம் இல்லை. ஆகவே மலரக்காதான் என் கலியாண அல்பம். பிறகு வந்த வருஷங்களில் யாராவது கேட்டால் போதும், எடுத்து விரிப்பார். ஒவ்வொரு முறையும் ஏதாவது கூடும். மேளகாரர் இரண்டு செட் ஆவார்கள். மாப்பிள்ளை சைக்கிளில் வந்த தூரம் நீளும். ஒருமுறை யானை ஒன்று காட்டுக்கரையில் நின்று மேளம் கேட்டது என்றும் சொன்னார்.

"அக்கா, யானை வரேல்லை" என்றேன்.

"நீ தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தனி. உனக்கென்ன தெரியும்?"

என் மகளுக்குத் தன் தாயின் கலியாணம் யானையோடுதான் தெரியும்.

அதன்பிறகு நாங்கள் எத்தனை முறை இடம்பெயர்ந்தோம் என்று இங்கே எழுதப்போவதில்லை. வாசிக்கிற உங்களுக்கும் அதே கணக்குத்தான். ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது ஏதோ ஒன்று குறைந்திருக்கும். ஒருமுறை கதவுகள். ஒருமுறை கூரை. ஒருமுறை கிணற்றடித் தென்னை. கடைசி முறை திரும்பி வந்தபோது என்னோடு என் அவர் வரவில்லை.

அந்தக் கடைசி ஓட்டத்தில் நான் பெர்மிட் பையை மட்டும் தூக்கிக்கொண்டு மகளையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். காணிப் பெர்மிட், பிறப்புச் சான்றிதழ்கள், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, இவ்வளவும் போட்ட ஒரு நீலப் பை. சட்டி இல்லை, சாப்பாட்டுக் கோப்பை இல்லை. ஒருநாள் கஞ்சி கொடுத்தார்கள். வாங்க ஏனம் இல்லை. மலரக்கா எங்கோ கிடந்த ஒரு மாத் தகரத்தின் மூடியைக் கழுவிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் குடித்தபிறகு அந்த மூடியில் அவர் ஒரு வாய், நான் ஒரு வாய். "எடி தவம், இனி ஓட வேண்டி வந்தால் நான் ரெண்டு கோப்பை கொண்டுவருவன். உன்ர எச்சிலை என்னால குடிக்கேலாது" என்றார். அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காக அன்றைக்கு அழுதேன்.

ஊருக்குத் திரும்பி, தறப்பாள் கொட்டில் தகரமாகி, தகரம் கல்வீடான பிறகும் நான் எங்கேயும் போகவில்லை. போனால் ஒன்று குறையும். அது என் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. கடைக்குப் போனாலும் அந்த நீலப் பை தோளில். கோயிலுக்குப் போனாலும் தோளில். நான் அசையாத ஆள் என்பதால் ஒழுங்கையில் யார் எங்கே வெளிக்கிட்டாலும் வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போவார்கள். கலியாணத்துக்குப் போகிறவர்கள், பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகிறவர்கள், கிளினிக் போகிறவர்கள், எல்லோருடைய திறப்பும் என் வீட்டு ஆணியில் தொங்கும். மலரக்காதான் எல்லோரிலும் கூடத் தருகிறவர். ஒரு விசேஷத்தையும் விட மாட்டார். பொட்டுக்குள்ளால் கையை மட்டும் நீட்டுவார். "இந்தா. கலியாணத்துக்குப் போட்டு வாறன்." திரும்பி வந்து இரண்டு நாளைக்கு அந்த வீட்டுக் கதை முழுவதையும் எனக்குச் சொல்வார். யார் என்ன சீலை, எந்தக் கறிக்கு உப்பில்லை, யார் யாரோடு முகம் கொடுக்கவில்லை. நான் போகாத கலியாணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும்.

என் மகள் கவிதா மட்டக்களப்பில் கலியாணம் கட்டிப் போனாள். முதல் பிள்ளை பிறந்தபோது என்னை வரச்சொல்லிக் கேட்டாள். நான் போகவில்லை. வயல் என்றேன், மாடு என்றேன். "அம்மா, எல்லாருக்கும் தாய் வந்து நிக்கினம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அதற்குப் பிறகு பல மாதம் மருமகன்தான் கதைப்பார். மலரக்கா அன்று பொட்டுக்குள்ளால் வந்து என்னை ஏசவில்லை. என் தோளில் கிடந்த பையை மட்டும் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் எங்கள் மாதர் சங்கத்தால் சுற்றுலா போவதென்று முடிவாயிற்று. கதிர்காமம், நுவரெலியா, மூன்று நாள். மலரக்காதான் தலைவி, அவர்தான் எல்லாம். நான் வரமாட்டேன் என்று முதலே சொல்லியிருந்தேன். விடியக்காலையில் பஸ் கோயிலடிக்கு வந்தது. நான் போனது திறப்புகள் வாங்க. வீட்டுச் சட்டையோடு, தோளில் பையோடு.

பஸ்ஸுக்கு முன்னால் கிடந்த சாமான்களைப் பார்த்து ட்ரைவர் தம்பி திகைத்து நின்றான். அரிசி மூட்டை. பானை இரண்டு. கத்தி. தண்ணீர்க் கான்கள். ஒருவர் தறப்பாள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். சரசு என்கிற பிள்ளை, பாயும் தலையணையும் அரிக்கன் லாம்பும். எல்லோர் மடியிலும் ஒவ்வொரு பெர்மிட் பை.

"அம்மாமார், எத்தினை நாள் பயணம்?"

"மூண்டு நாள்."

"மூண்டு நாளோ, மூண்டு வருசமோ?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தான் என்ன பிழையாகச் சொன்னேன் என்று விளங்கவில்லை. மலரக்கா போய் அவன் தோளில் கையை வைத்தார். "தம்பி, நாங்கள் வெளிக்கிட்டால் இப்பிடித்தான் வெளிக்கிடுவம். வேற மாதிரி வெளிக்கிட எங்களுக்குத் தெரியாது. ஏத்தப்பு" என்றார். அவன் மூட்டைகளைத் தூக்கி ஏற்றினான்.

மலரக்காவிடம் மட்டும் ஒரு சின்னக் கைப்பை. அதைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார். "பாருங்கோடி. ஒரு மாத்துச் சீலை, ஒரு துவாய், பல்லு மினுக்கிற பிரஷ். சுற்றுலா எண்டால் இவ்வளவுதான்." அவருக்குப் பயமே இல்லை என்று நான் அன்று நம்பினேன்.

திறப்புகள் ஒன்பது. எது யாருடையது என்று பார்த்துக் கயிற்றில் கோப்பதற்காக நீலப் பையைக் கழற்றிக் கோயில் படியில் வைத்தேன். கோத்து நிமிர்ந்து பார்க்கப் படியில் பை இல்லை. பஸ் யன்னலில் மலரக்காவின் தலை.

"தவம், உன்ர பெர்மிட் ஏறிட்டுது. நீ வாறியோ, இல்லையோ?"

"அக்கா, பகிடி விடாதேங்கோ. தாங்கோ இஞ்சை."

"வந்து எடு."

நான் ஏறினேன். பை பின் சீற்றில் கிடந்தது. அதைத் தூக்கவும் மலரக்கா, "எடு தம்பி!" என்று கத்தவும் சரியாக இருந்தது. பஸ் வெளிக்கிட்டுவிட்டது. நான் கத்தினேன், அழுதேன், கதவில் அடித்தேன். முழுப் பெண்களும் கை தட்டிப் பாட்டுப் பாடினார்கள். புளியங்குளம் சந்தியில் பஸ் ஏ-ஒன்பது ரோட்டில் ஏறும்போதுதான் சரசு என் கையைப் பார்த்துவிட்டு, "ஐயோ!" என்றாள்.

ஒன்பது வீட்டுத் திறப்பும் என் கையில். ஆண்கள் எல்லோரும் விடிய வயலுக்குப் போயிருந்தார்கள். ஒழுங்கை முழுவதும் பூட்டிக் கிடந்தது.

அந்த மூன்று நாளும் எங்கள் ஆண்கள் கோயில் மண்டபத்தில் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். சரசுவின் புருஷன் போனில் போட்ட சத்தம் பஸ் முழுவதும் கேட்டது. மலரக்கா போனை வாங்கி, "கதவை உடைச்சால் நீர்தான் திரும்பப் போட வேணும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

தம்புள்ளை தாண்டி பஸ் பழுதாகி நின்றுவிட்டது. சாமான் வாங்க ட்ரைவர் ஒரு முச்சக்கரவண்டியில் போனான். அவன் திரும்பி வரும்போது மரத்தடியில் தறப்பாள் விரித்து, மூன்று கல் வைத்து, சோறு வடித்து, பருப்பும் கருவாட்டுக் குழம்பும் இறங்கியிருந்தது. ஒருவரும் ஒருவருக்கும் வேலை சொல்லவில்லை. எங்கள் கைகளுக்குத் தெரியும். அவன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். "இனி என்ர பஸ் பழுதாகிறதெண்டால் உங்களோட வரேக்கைதான் பழுதாகோணும்" என்றான். மலரக்கா என் பக்கத்தில் இருந்து கையை நக்கிக்கொண்டு மெல்லச் சொன்னார், "நாங்கள் ஓடிப் பழகினது ஒருநாளைக்கெண்டாலும் சிரிச்சுக்கொண்டு சாப்பிட உதவினதே."

நுவரெலியாக் குளிரில் வீட்டுச் சட்டையோடு நடுங்கிய என்னைத் தன் மாற்றுச் சீலையைச் சுற்றி நிற்கவைத்தார். அந்தக் கோலத்தில் இரண்டு பேரும் ஒரு படம் எடுத்தோம். இந்தப் புத்தகத்தின் முன்பக்கத்தில் நீங்கள் பார்க்கிற மலரக்காவின் படம் அதிலிருந்து வெட்டியதுதான். இடது கரையில் கொஞ்சமாகத் தெரிகிற தோள் என்னுடையது.

நாலாம் நாள் காலை ஒழுங்கைக்குள் வந்து ஒவ்வொரு வீடாகத் திறந்தோம். என் வீட்டில் நான் பூட்டாமல் போன பின்கதவு காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. கோழிகூட முட்டை இட்டு வைத்திருந்தது. பொட்டுக்குள்ளால் குரல் வந்தது.

"பாத்தியோடி? வீடு வீட்டிலதான் நிக்கும். நாங்கள்தான் போட்டு வரோணும்."

இரண்டாவதாய்ப் பிறந்த பேரனுக்கு முப்பத்தொன்று என்று கவிதா இந்த முறை என்னைக் கேட்கவில்லை. மலரக்காவிடம்தான் சொன்னாள். மலரக்கா வந்து, "நீ போகேல்லையெண்டால் நான் போய்த் தாயெண்டு நிப்பன். என்னைத்தான் அம்மம்மா எண்டு கூப்பிடப் போகுதுகள். யோசிச்சுச் சொல்லு" என்றார். போகிறேன் என்றேன். "அந்தப் பையை என்னட்டைத் தந்துபோட்டுப் போ" என்றார். அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். வெளிக்கிடும் அன்று நீலப் பையையும் திறப்பையும் பொட்டுக்குள்ளால் அவர் கையில் கொடுத்தேன். அவரிடம் திறப்புக் கொடுத்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

நெடுங்கேணிச் சந்திவரை வந்து ஏற்றிவிட்டார். நெஞ்சை ஒருமுறை தடவிக்கொண்டு, "வாய்வு" என்றார். நானும் வாய்வு என்றே நினைத்தேன். "பத்து நாள் நிக்கோணும். அதுக்கு முதல் வந்தியெண்டால் பொட்டை அடைச்சுப்போடுவன்" என்றார். பஸ் எடுத்தபிறகும் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். தோளில் பை இல்லாமல் எனக்கு ஒரு பக்கம் சரிந்து இருப்பது போலிருந்தது. வவுனியாவில் பஸ் மாறும்போது இரண்டு முறை தோளைத் தடவிப் பார்த்தேன். மன்னம்பிட்டிக்குப் பிறகு மறந்துவிட்டேன்.

கவிதா படலையில் நின்றாள். "வந்திட்டியளோ?" என்றாள். மூத்தவளான பேத்திக்கு நான் சட்டை வாங்கி வந்த பையை வாங்கிக்கொண்டு, என் தோளைப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

நான் திரும்பி வந்தது, செத்தவருக்குப் படைக்கும் எட்டுச் செலவு அன்று. அவர் வீட்டுப் படலையால்தான் உள்ளே போனேன். பொட்டால் போகக் கால் வரவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. அவருடைய படத்துக்கு முன்னால் இருந்து, 'ஒண்டும் குறையாது எண்டியள். இப்ப பாருங்கோ' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் இந்த ஒழுங்கையைத் தாண்டுவதில்லை என்றும் நினைத்தேன். என் கலியாணத்தைக் கண்டவர்களில் கடைசி ஆளும் போய்விட்டார். யானை வரவில்லை என்று சொல்லக்கூட இனி எனக்கு எதிரில் ஆள் இல்லை.

சடங்கு முடிந்து ஆட்கள் போனபிறகு குகன் என்னை அறைக்குள் கூப்பிட்டான். "மாமி, உங்கட பை. அம்மா கட்டிலுக்குக் கீழ வைச்சிருந்தவா" என்று நீலப் பையைத் தந்தான். திறப்பு அதற்குள்ளேயே இருந்தது. பிறகு, "இதுவும் அதோட கிடந்தது. மரணப் பதிவுக்கு ஐடென்ரிக்காட் தேடேக்கைதான் கண்டனான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்று இன்னொரு பையை இழுத்து எடுத்தான். தோளில் கொழுவுகிற பெரிய கறுப்புப் பை. நான் ஒருநாளும் கண்டதில்லை.

திறந்தோம். அவர்கள் காணிப் பெர்மிட், பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி. பிள்ளைகளின் சான்றிதழ்கள். ரோச் லைட், பற்றரி புதிது. நெருப்புப் பெட்டி, மெழுகுதிரி. ஒரு சீலை. இரண்டு பக்கற் பிஸ்கட். நான் திருப்பித் திகதியைப் பார்த்தேன். பழையதில்லை. போன மாதம் சங்கக் கூட்டம் முடிந்து வரும்போது கடையில் அந்த பிஸ்கட்டை அவர் வாங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேரப்பிள்ளைகளுக்கு என்றார். எத்தனை வருஷமாக அப்படிப் பழையதை எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டு வந்தாரோ தெரியாது.

எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தவர். ஒரு மாற்றுச் சீலை, ஒரு துவாய் என்று தூக்கிக் காட்டியவர். அவரும் ஓட ஆயத்தமாகத்தான் ஒவ்வொரு நாளும் படுத்து எழும்பியிருக்கிறார். அந்தப் பயத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுத்தான் ஒவ்வொரு கலியாணத்துக்கும் வெளிக்கிட்டிருக்கிறார்.

பையின் அடியில் சீலைத் துண்டால் சுற்றி ஏதோ கனமாக இருந்தது. குகன் அவிழ்த்தான். சில்வர் சாப்பாட்டுக் கோப்பைகள். இரண்டு.

"நாங்கள் வீட்டில ஆறு பேர்" என்றான் குகன். "அம்மா ஏன் மாமி ரெண்டு கோப்பை மட்டும் வைச்சிருந்தவா?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தப் பிள்ளை பயந்து தண்ணீர் எடுக்க ஓடினான். தம்பி குகன், நீ அன்று கேட்டதற்கு என் பதிலை மேலே எழுதியிருக்கிறேன். மாத் தகர மூடி என்று வருகிற இடத்தைத் திரும்பி வாசி.

ஒரு கோப்பையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றது அவர் வீட்டுக் குசினியில் இருக்கிறது. பிஸ்கட்டை அன்றே உடைத்துச் சங்கத்துப் பெண்களுக்குத் தேத்தண்ணியோடு கொடுத்தோம். அது பழுதாகக்கூடாது.

மலரக்காவோடு எனக்கிருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பூசணிக்காய் ஞாபகம் வரும்போதெல்லாம் வருகிறது. ஆனால் விஜயதசமிக்குப் பேத்திக்கு ஏடு தொடக்க வேண்டும், வருவீர்களா அம்மா என்று கவிதா கேட்டபோது, ஓம் என்று சொல்லிவிட்டேன். பெர்மிட் பையை என் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போவேன். திறப்பைக் குகனின் மனைவியிடம் பொட்டுக்குள்ளால் கொடுப்பேன். அந்தப் பொட்டை அடைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

கோப்பையை மட்டும் கொண்டு போகிறேன். ஏடு தொடக்கி முடிய, பேத்திக்கு அதில்தான் சோறு குழைத்துத் தீத்துவேன். அப்படி ஊட்டும்போது தன் அம்மம்மாவின் கலியாணத்தைப் பற்றி அவள் கேட்டால், யானை வந்தது என்றே சொல்லுவேன்.